உருட்டிக்கொண்டு போகிறவர்

கேள்வி: ஃபார்முலா ஒன் ரேஸில் விபத்து நடந்ததும் முன்னால் வந்து நிற்கிற சேஃப்டி கார் டிரைவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பின்னால் உலகத்தின் தலைசிறந்த டிரைவர்கள் வரிசை கட்டி வர, இவர் மெதுவாக உருட்டிக்கொண்டு போகிறார். ரேஸில் தோற்றவருக்குக் கொடுத்த ஆறுதல் பரிசு மாதிரி இல்லையா? லைசென்ஸ் உள்ள யாரும் செய்யக்கூடிய இந்த வேலையையும் ஒரு ‘கேரியர்’ என்பதா?

பதில்: ‘உருட்டிக்கொண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வருகிறேன். அப்படி உருட்டுகிற வண்டிகளில் ஒன்று, 2022-ல் வந்த மெர்சிடஸ் ஏஎம்ஜி ஜிடி பிளாக் சீரிஸ். 730 குதிரைத்திறன். நேர்பாதை கிடைத்தால் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். அதை ஓட்டும் பெர்ன்ட் மைலெண்டர் பெரும்பாலான நேரம் வண்டியைப் பிழிந்துதான் ஓட்டுகிறார். பின்னால் வருவதோ ஏறக்குறைய 800 கிலோ எடையும் 1,000 குதிரைத்திறனும் கொண்ட ரேஸ் கார். அதன் பக்கத்தில் எந்த ரோட்டுக் காரும் நத்தைதான். அதே 2022-ல் ஆஸ்திரேலியாவில் ரேஸ் டிரைவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், முன்னால் போன ஆஸ்டன் மார்ட்டின் சேஃப்டி காரை ஆமை என்றே சொன்னார். வேகத்தை முடிவு செய்வது ரேஸை மேற்பார்வையிடும் ரேஸ் கன்ட்ரோல், காரோ டிரைவரோ இல்லை என்று கார் ரேஸ்களின் உலக அமைப்பான எஃப்ஐஏ விளக்கம் கொடுத்தது.

வெர்ஸ்டாப்பன் எரிச்சல்பட்டதிலும் நியாயம் உண்டு. ரேஸ் டயர் சூடாக இருந்தால்தான் தரையைப் பிடிக்கும். வேகம் குறைந்தால் டயர் ஆறும், உள்ளே காற்றழுத்தம் இறங்கும், கார் தரையை நோக்கித் தாழும், பிரேக்கும் குளிர்ந்துவிடும். சேஃப்டி கார் பின்னால் எல்லோரும் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து வருவது அதனால்தான். 1994 மே 1, இத்தாலியின் இமோலா. அன்று சேஃப்டி காராக வந்தது ஓப்பல் வெக்ட்ரா, குடும்பத்தோடு வெளியூர் போக வாங்குகிற ரகம். உலக சாம்பியன் அயர்டன் சென்னா பக்கத்தில் வந்து, வேகமாகப் போ என்று சைகை காட்டினார். வெக்ட்ராவால் முடிந்த வேகம் அவ்வளவுதான். ரேஸ் மறுபடி தொடங்கிய இரண்டாவது லேப்பில் சென்னாவின் கார் சுவரில் மோதி, அவர் உயிரிழந்தார். டயர் ஆறியதா, ஸ்டீயரிங் கம்பி உடைந்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு வருஷம் கழித்து மெர்சிடஸ் வந்தது, அப்புறம் வெக்ட்ரா மாதிரி வண்டிக்கு அங்கே இடமில்லாமல் போனது.

ஆக, மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவனுக்கு ஆபத்து. வேகமாகப் போனால், உடைந்த காரைத் தடத்தில் இறங்கி அப்புறப்படுத்திக்கொண்டிருக்கும் மார்ஷல்களுக்கு ஆபத்து. விபத்து நடந்த இடத்தில் அடக்கி, தாண்டியதும் விரட்டி, அடுத்த சுற்றில் மறுபடி அடக்கி... இதுதான் வேலை. ரேஸ் நடக்கும் நேரம் முழுக்க மைலெண்டர் ஹெல்மெட்டோடு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கார்கள் டயர் மாற்ற ஒதுங்கும் பிட் லேனில் காத்திருப்பார். பக்கத்து சீட்டில் உதவியாளர். முன்னால் திரைகள், காதில் ரேடியோ. அழைப்பு வந்தால் டயரைச் சூடாக்கிக்கொள்ள நேரம் கிடையாது, அப்படியே பாய வேண்டியதுதான். மழை என்றால் இன்னும் மோசம். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அவர்தான் முதலில் ஓட்டிப் பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்ல முன்னால் யாரும் இல்லை.

சரி, ‘லைசென்ஸ் உள்ள யாரும்’ என்றீர்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். 1971 இண்டியானாபொலிஸ் 500 ரேஸைத் தொடங்கிவைக்கும் பேஸ் காரை உள்ளூர் கார் வியாபாரி ஒருவரிடம் கொடுத்தார்கள். தொடங்கிவைத்துவிட்டு பிட் லேனுக்குள் திரும்பியவர் வந்த வேகத்தில் வண்டியை நிறுத்த முடியாமல், புகைப்படக்காரர்கள் நின்றிருந்த மேடையில் கொண்டுபோய் மோதினார். இருபது பேருக்கு மேல் காயம். விண்வெளிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பிய ஜான் க்ளென், அந்த வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார்!

நன்றாக ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1973 கனடா கிராண்ட் பிரீயில் ஃபார்முலா ஒன் முதல்முறையாக சேஃப்டி காரை இறக்கியது. ஓட்டிய எப்பி வீட்ஸஸ் ரேஸ் டிரைவர்தான். முதலிடத்தில் இருந்தவருக்கு முன்னால் போய் நிற்பதற்குப் பதிலாக ஹௌடன் கான்லியின் முன்னால் போய் நின்றது கார். அவர் முதலிடத்திலேயே இல்லை. லேப் கணக்கெல்லாம் குழம்பி, ஜெயித்தது பீட்டர் ரெவ்சன் என்று உறுதியாகச் சொல்வதற்குள் மணிக்கணக்கானது. இன்று வண்டியின் கூரையில் பச்சை விளக்கு எரிந்தால் ‘நீ என்னைத் தாண்டிப் போ’ என்று அர்த்தம். முதலிடத்தில் இருப்பவர் பின்னால் வந்து சேரும்வரை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, அப்புறம்தான் ஆரஞ்சு விளக்கு மட்டும் எரியும். அந்த ஆரஞ்சும் அணைந்தால், இந்தச் சுற்றோடு நான் உள்ளே போகிறேன் என்று பொருள்.

இப்போது உங்கள் ‘தோற்றவர்’. மைலெண்டர் ஃபார்முலா ஒன்னில் இந்த வேலைக்கு வந்தது 2000-ல். அதே வருஷம் நூர்புர்க்ரிங் 24 மணி நேர ரேஸை ஜெயித்த போர்ஷே அணியில் அவரும் ஒருவர். அடுத்த வருஷம் ஹாக்கன்ஹைமில், ஜெர்மனியின் டிடிஎம் கார் ரேஸ் தொடரில் ஒரு ரேஸை ஜெயித்தார். அவருக்கு முன் சேஃப்டி கார் ஓட்டிய ஆலிவர் கவின், இந்த வேலையை விட்டுப் போய் லெ மான் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் ஐந்து முறை ஜெயித்தார். ஆறுதல் பரிசு வாங்கியவர்கள் செய்கிற காரியமா இது? மைலெண்டர் 25 வருஷம் கடந்தும் அதே இருக்கையில் இருக்கிறார். அவர் காருக்குப் பின்னால் ஓட்டி வந்தவர்களில் உலக சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கர் உண்டு, மிக்கா ஹாக்கினென் உண்டு, ஷூமாக்கரின் மகனும் உண்டு. எத்தனை பேர் வந்து ஆடி, ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்!

பாவப்பட்டே தீர வேண்டும் என்றால் 2021 பெல்ஜியம் ரேஸுக்காகப் படுங்கள். கொட்டும் மழையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் சேஃப்டி கார் பின்னாலேயே சில லேப் சுற்றிவிட்டு ரேஸ் முடிந்தது என்று அறிவித்தார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. வெர்ஸ்டாப்பனுக்கு முதலிடம், முதல் பத்துப் பேருக்குப் பாதிப் பாயின்ட். எல்லோருக்கும் முன்னால் போனவர் மைலெண்டர். அவருக்கு அதுவும் இல்லை.