பூச்சி மருந்து கொடுத்தும் குட்டியின் வயிறு உப்புவது ஏன்?

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு 45 நாள். மருந்து கொடுத்ததும் சேமியா மாதிரி புழுக்கள் விழுந்தன. இரண்டு வாரத்தில் மறுபடி வயிறு உப்பிவிட்டது. மருந்து போலியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மருந்தைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் பார்த்தது உருண்டைப்புழு. பைரன்டெல் போன்ற மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். கல்லீரல், நுரையீரல் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இளம்புழுக்கள் தப்பித்து, பிறகு குடலுக்கு வந்து வளரும். தாயின் கருப்பையிலேயே இது தொற்றிவிடும், பாலிலும் வரும். அதனால்தான் குட்டியின் 2, 4, 6, 8 வார வயதில் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம். பிறகு ஆறு மாத வயதுவரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தாய் நாய் கூடவே இருந்தால் அதற்கும் கொடுங்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள்; தராசில் வைத்துப் பாருங்கள். பைரன்டெல் கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லேபிளைப் படித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் மெதுவாக விடுங்கள். அண்ணாந்து பிடித்து ஊற்றினால் புரையேறும்.

ஆசனவாயில் அரிசிமணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. பைரன்டெல் அதைத் தொடாது. பிராசிகுவாண்டெல் என்ற மருந்து வேண்டும். தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் இது தொற்றுகிறது; அதையும் ஒழிக்காவிட்டால் நாடாப்புழு திரும்ப வரும்.

ஈறு வெளுத்து, மலம் கறுத்துப் போனால் கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.