முதுகுவலிக்குக் கெட்டி மெத்தைதான் நல்லதா?

'ஆர்த்தோ' என்று போட்ட கெட்டி மெத்தை வாங்கினால் முதுகுவலி குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியமில்லை, நடுத்தரக் கெட்டியே பெரும்பாலோருக்கு ஒத்துவரும்.

கடையில் 10 நிமிடமாவது படுத்துப் பாருங்கள், கூச்சமே வேண்டாம். மல்லாந்து படுத்து, இடுப்புக்கு அடியில் கையை விடுங்கள். தாராளமாகப் போய்வந்தால் ரொம்பக் கெட்டி. நுழையவே மறுத்தால் இடுப்பு அமுங்குகிறது. லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் சற்று இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கை மரத்துப்போகும். குப்புறப் படுப்பவருக்குக் கெட்டிதான் சரி.

மெமரி ஃபோம் (உடல் வடிவுக்கேற்ப அமுங்கிக்கொடுக்கும் நுரை மெத்தை) சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஏசி ஷோரூமில் கெட்டியாக இருந்தது மே மாதப் புழுக்கத்தில் அமுங்கும். கட்டில் பலகையையும் பாருங்கள்: அது நடுவில் தொய்ந்திருந்தால் எந்த மெத்தையும் குழியும்.