ஆற்றோர வண்டல் நிலம், மண் பரிசோதனையும் நன்றாக வந்திருக்கிறது. வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் சேலம் பக்கம் ஆற்றோரம் இரண்டு ஏக்கர் பார்த்து வைத்திருக்கிறார். வண்டல் மண், கிணறு வற்றியதே இல்லை, மண் பரிசோதனையிலும் குறை இல்லை, தாராளமாக மஞ்சள் போடலாம் என்று தரகர் சொல்கிறாராம். படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் என் பங்கை என் கையில் கொடுத்தார்கள்.

நீங்கள் நிலத்தைப் பார்த்தது மாசியிலோ பங்குனியிலோ இருக்கும். தண்ணீர் வடியாத நிலம் அந்த மாதங்களில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஐப்பசியில் போயிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எங்கள் நிலம் தேவூர் பக்கம். சேர்வராயன் மலையில் பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாக வரும் சரபங்கா ஆறு காவிரியில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. 2019-இல் பாகம் பிரித்தபோது ஆற்றங்கரையை ஒட்டிய துண்டு அண்ணனுக்குப் போனது. இருநூறு மீட்டர் உள்ளே தள்ளியிருந்த ஒன்றரை ஏக்கர் எனக்கு. "பொம்பளப் புள்ள, வெள்ளம் வந்தாலும் பயமில்லாத இடமா குடுத்திருக்கோம்" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஈரம், தள்ளி இருப்பது காய்ந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

ஆற்றுச் சமவெளியில் அது பல இடங்களில் தலைகீழ். வெள்ளம் கரையைத் தாண்டியதும் வேகம் குறையும். கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்துவிடும். நுண்ணிய களி மட்டும் தண்ணீரோடு உள்ளே போய், பள்ளத்தில் தேங்கி, நாள்கணக்கில் மெதுவாகப் படியும். நூற்றுக்கணக்கான வருடங்கள் இப்படியே நடந்தால் கரையோரம் சற்று மேடாகி, மணல் கலந்து, பெய்த மழையை வாங்கிக் கீழே இறக்கிவிடும். உள்ளே தள்ளியிருக்கும் பள்ளம் களி பிடித்துப்போய்த் தண்ணீரை விடாது. அண்ணனுக்கும் எனக்கும் வந்தது ஒரே ஆற்றின் வண்டல்தான். ஆனால் அவருடையது வேறு மண், என்னுடையது வேறு மண்.

அண்ணன் தெரிந்தே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அப்போது இது தெரியாது என்றுதான் இன்றும் நம்புகிறேன். உறவுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த வரியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

2021 வைகாசிக் கடைசியில் மஞ்சள் நட்டோம். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "அது ஊத்துக்காடு கண்ணு, நெல்லத் தவிர எதுவும் நிக்காது" என்று சொன்னார். எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம், ஊத்துக்காடு என்றால் அடியில் தண்ணீர் ஊறும் நிலம். நான் கேட்கவில்லை. கையில் மண் பரிசோதனைத் தாள் இருந்தது. கார அமில நிலை சரி, உப்பு சரி, சாம்பல் சத்து தாராளம். ஆவணி வரை பயிரும் நன்றாகவே நின்றது.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு பக்கமிருந்து வரும். மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்காலை வழக்கமாக ஆகஸ்ட் 1-இல் திறந்து டிசம்பர் 15 வரை, 137 நாள் விடுவார்கள். வாய்க்காலும் மேல் வயல்களும் கசிந்து பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அது போதாதென்று அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. அந்த வருடம் நவம்பர் மழை எப்படிப் பெய்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காட்டுக்கு மேலே தண்ணீர் நின்றது இரண்டே நாள்தான். ஆனால் மண்ணுக்குள் ஒரு அடி ஆழத்தில் தை மாதம் வரை நின்றது.

இலை வெளுத்தது. சத்துக் குறைவு என்று யூரியா போட்டேன். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் போட்டேன். அது எங்கே போனது என்று பிறகுதான் புரிந்தது. மண்ணின் துளைகள் தண்ணீரால் நிரம்பிவிட்டால் காற்று உள்ளே போகாது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் நகர்வதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். உள்ளே இருக்கும் கொஞ்சத்தையும் வேரும் நுண்ணுயிரும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அப்புறம் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக மண்ணில் நைட்ரேட்டாக இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், அது வாயுவாகிப் பறந்துவிடும். நான் போட்ட உரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போயிருக்க வேண்டும். மார்கழியில் ஒரு தூரைப் பிடித்து இழுத்தேன். கிழங்கு கூழாகிக் கையோடு வந்தது. அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை.

மருந்துக் கடைக்காரர் ஒருவர் களர் நிலம், அதாவது சோடியம் ஏறிக் கெட்ட மண், என்று சொல்லி ஜிப்சம் கொடுத்தார். சித்திரையில் மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கேட்டதும் சொன்னது அது. நான் வாங்கிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. நிலத்தடி நீர் மேலேயே நின்றால் கோடையில் அது மண் வழியாக ஏறி ஆவியாகும், கொண்டுவந்த உப்பு மேலே தங்கும். வடிகால் இல்லாத இடத்தில் என்ன போட்டாலும் அந்த உப்பு கழுவிப் போக வழியில்லை. உண்மையான களர் நிலத்துக்கு ஜிப்சம் நல்ல மருந்துதான், அதில் எனக்கு மறுப்பில்லை. என் நிலத்தின் நோய் அதுவாக இல்லை.

கடைசியில் அந்தப் பெரியவர்தான் நாலடி ஆழத்துக்குக் குழி வெட்டிக் காட்டினார். மேலே முக்கால் அடி பழுப்பு மண். அதன் கீழே ஒரு சாண் பொடிமணல், அது என்றோ வந்த ஒரு பெரிய வெள்ளம் போட்டது. அதன் அடியில் சாம்பல் நிறக் களி. களிக்குள் பழைய வேர் போன தடங்களைச் சுற்றித் துரு நிறத்தில் கோடுகள், அங்கங்கே மிளகு போலக் கறுப்பு உருண்டைகள். மூன்றடிக்குக் கீழே நீலம் ஓடிய சாம்பல், துருவே இல்லை.

இந்த நிறங்களைப் படிக்கத் தெரிந்திருந்தால் ஒரு வருட உழைப்பு மிஞ்சியிருக்கும். மண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் கொடுப்பது இரும்பின் துரு. நைட்ரேட் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் மாங்கனீசுக்கும், பிறகு இரும்புக்கும் வரும். துரு கரைந்து நகர்ந்துவிட்டால் மண் சாம்பலாகிவிடும். தண்ணீர் இறங்கும்போது வேர்த் தடம் வழியாகக் காற்று புகும் இடத்தில் மட்டும் மறுபடி துரு பிடிக்கும். கறுப்பு உருண்டைகள் மாங்கனீசு சேர்ந்தவை. ஆக, சாம்பலும் துருப்புள்ளியும் கலந்திருந்தால் அங்கே தண்ணீர் ஏறி இறங்குகிறது. வெறும் சாம்பலோ நீலமோ என்றால் அங்கே தண்ணீர் இறங்குவதே அபூர்வம். எத்தனையாவது அடியில் சாம்பல் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். எனக்கு ஒன்றரை அடி. ஒரு நீலக் கட்டியை எடுத்துவந்து திண்ணையில் வைத்தேன், காற்றுப் பட்டு மறுநாள் காலையில் அதன் ஓரம் பழுப்பாகியிருந்தது.

விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிற மண் எல்லாமே ஈர நிலம் ஆகாது. சில மணல் தாய்ப்பாறையிலிருந்தே அந்த நிறத்தில் வரும். ஆறு ஆழமாகித் தண்ணீர் இறங்கிப்போன இடத்தில் பழைய துருப்புள்ளி அப்படியே மிச்சமிருக்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

மண் பரிசோதனைத் தாளையும் நான் குறை சொல்லவில்லை. கேட்டதற்கு அது சரியாகப் பதில் சொன்னது. ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, நிழலில் உலர்த்தி, பையில் போட்டுக் கொடுக்கிறோம். நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அந்தப் பைக்கு எப்படித் தெரியும்?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும். மஞ்சள் போன பிறகு ஊரில் பலர் சொன்னது, "பங்கு கேட்டு வாங்குனா இப்படித்தான்." தமிழ்நாட்டில், அப்போது கல்யாணம் ஆகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989-இல். எனக்குக் கல்யாணம் ஆனது 1996-இல். நான் வழக்குப் போடவில்லை, சத்தம் போடவில்லை, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும்தான் சொன்னேன். சீர் செய்தாயிற்று, இனி என்ன என்று என்னைக் கேட்டவர்கள் ஒருவர்கூட அண்ணனைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. இன்றும் கல்யாண வீடுகளில் நான் "பங்கு வாங்குனவ"தான். பயிர் தோற்றதற்கும் பங்குக்கும் என்ன உறவு? எந்த ஆண் பிள்ளை அங்கே மஞ்சள் நட்டிருந்தாலும் அழுகித்தான் இருக்கும்.

சரி, நிலத்துக்கு வருகிறேன். 2022 கோடையில் வாய்க்கால் பக்கத்து மேல் ஓரத்தில் நாலடி ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டினோம். கசிவு உள்ளே வருமுன் அதைப் பிடித்து ஓடைக்குத் திருப்புவதுதான் நோக்கம். வெட்டுக்கூலியைவிடக் கஷ்டம், தண்ணீரை வெளியேற்றப் பக்கத்துக் காட்டுக்காரரின் சம்மதம் வாங்கியது. இப்போது ஒரு ஏக்கரில் நெல். நெல்லுக்குத் தண்டு வழியாக வேருக்குக் காற்று இறக்கும் குழாய்போன்ற திசு உண்டு, அதனால் இதே மண்ணில் சுகமாக நிற்கிறது. துத்தநாகம் குறையும் மண் என்பதால் நடவின்போது ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் போடுகிறேன். மேல் ஓரத்தில் நாற்பது சென்ட் மட்டும் மேட்டுப்பாத்தி போட்டு மஞ்சள். இந்த மூன்று வருடமாக அழுகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை மம்பட்டியோடு போவது. வரப்பில் நண்டு வளை, காட்டில் கோரை, மோட்டார் அறைச் சுவரில் ஈரம் ஏறிய உயரம் எல்லாவற்றையும் பாருங்கள். "கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும்" என்று தரகர் பெருமையாகச் சொன்னால், நிலத்துக்கு அடியிலும் அநேகமாக அதே மட்டத்தில்தான் தண்ணீர் நிற்கும். கரையோரம் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என மூன்று இடத்தில் குழி வெட்டி இரவு அப்படியே விடுங்கள். காலையில் இரண்டு அடிக்குள் தண்ணீர் நின்றால் மஞ்சளும் மரவள்ளியும் அங்கே வேண்டாம், தென்னையும் திணறும். நெல்லுக்கு என்றால் வாங்கலாம், ஆனால் நெல் நிலத்தின் விலைக்கு. வடிகால் வெட்டினால் தண்ணீர் போய் விழ உங்கள் நிலத்தைவிடத் தாழ்ந்த ஓடை இருக்கிறதா, நடுவில் யார் நிலம் என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.

முன்பணம் கேட்டு அவசரப்படுத்தினால், பத்திரத்தைக் கார்த்திகைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.