படிக்கும்போதே ஓடிய வட்டி

அன்புள்ள அக்கா,

நான் கொருக்குப்பேட்டை. அப்பாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. 2019-இல் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் கல்விக்கடன் வாங்கினோம், 10.5 சதவீத வட்டி. ‘வேலைக்குப் போனதும் கட்டினால் போதும்’ என்றார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கடன் 5,47,000. தவணை மாதம் 7,380. குடோனில் என் சம்பளம் 16,000. இரண்டு தவணை நின்றுவிட்டது. வசூல் ஆள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்துகிறார். அம்மா தண்டல் எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார். தண்டலாவது நூறு நாளில் முடியும், இது முடியவே முடியாதா? தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. அவளைப் படிக்க வைக்கவே பயமாக இருக்கிறது.

அன்புள்ள தம்பி,

முதலில், தண்டல் வேண்டாம். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பத்தாயிரம் என்று பேசி 8,500-ஐக் கையில் கொடுத்துவிட்டு, தினம் நூறு என்று நூறு நாள் வாங்குவார்கள். சின்னத் தொகையாகத் தெரியும். வருஷக் கணக்கில் அந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அதை வாங்கி 10.5 சதவீதக் கடனை அடைப்பது கூடவே கூடாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதல் வருஷம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 52,500. கடைசி லட்சத்துக்கே 21,000. நாலும் சேர்ந்து 1,47,000. தனி வட்டிதான், கூட்டலில் பிழை இல்லை. ஆனால் தவணை தொடங்காவிட்டாலும் வட்டி ஓடும் என்பதைப் பதினேழு வயதுப் பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் எதிரே உட்கார வைத்து ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். இப்போது முதல் தவணை 7,380-இல் 4,786 வட்டிக்கே போகிறது. முடியவே முடியாது என்று உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான்.

இந்த 1,47,000 உங்கள் தலையில் விழாமலே போயிருக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-இலிருந்து இருக்கிறது. நீங்கள் சேர்ந்த சமயத்தில் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ, படிப்புக்கு என்பிஏ (தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் வாரியம்) அங்கீகாரமோ தேவைப்பட்டது. வருமானச் சான்றிதழ் கொடுத்தீர்களா, வங்கி அந்த மானியத்துக்கு விண்ணப்பித்ததா என்று எழுத்தில் கேளுங்கள். தாசில்தார் ஆபீசுக்கு நடந்து சான்றிதழ் வாங்கத் தெரிந்த வீட்டுக்கு மட்டும் மானியம் என்பது அநியாயம். தகுதியுள்ள பிள்ளைக்கு வங்கியே கேட்டு வாங்கிச் சேர்த்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வங்கிக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்பாவும் கூட்டுக் கடன்தாரர் என்பதால் தங்கைக்குக் கடன் கேட்கும்போது அதுவும் குறுக்கே நிற்கும். தவணைக் காலத்தை 15 வருஷமாக நீட்டித் தரும்படி மனு கொடுங்கள். மாதம் சுமார் 6,050 ஆகும். மொத்தத்தில் இரண்டு லட்சம் கூடுதலாகப் போகும் என்பதால், சம்பளம் ஏறியதும் கையில் வருவதை அசலில் கட்டிக்கொண்டே வாருங்கள்.

அப்புறம் அந்த வசூல் ஆள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்காரரை அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தேதி, நேரம் குறித்து மேலாளருக்குப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. கடன் பாக்கி வைத்தது குற்றமில்லை தம்பி. தெருவில் தலைகுனிந்து நடக்காதீர்கள்.

தங்கை கட்டாயம் படிக்கட்டும். முதல் பட்டதாரி சலுகை உங்களோடு முடிந்துவிட்டது, சரி. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். கலை, அறிவியல் என்றால் பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது, அரசுக் கல்லூரி. கடனே தேவைப்படாமல் போகலாம். எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். ஒருவேளை ஒரு லட்சம் கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், இதே 10.5 சதவீதத்தில் வட்டி மட்டும் மாதம் 875 ரூபாய். அந்த ஆயிரத்திலிருந்து முதல் மாதமே வட்டியைக் கட்டத் தொடங்கட்டும்.