காஸ்பல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டு) பாடிய மூத்த பாடகர்களின் குரல் இன்றும் ஏன் நம்மை உலுக்குகிறது?

குரல்வளம் மட்டுமே காரணம் என்றால், அவர்களைவிட நன்றாகப் பாடுகிறவர்கள் இன்று நிறையப் பேர். எனக்குத் தெரிந்து, அந்தப் பாட்டுகள் சாவு வீடுகளைக் கடந்து வந்தவை.

1932இல் சிகாகோ இசைக்கலைஞர் தாமஸ் டார்சி, பிரசவத்தில் மனைவியை இழந்தார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில், 'ஆண்டவரே, என் கையைப் பிடித்துக்கொள்ளும்' என்று கெஞ்சும் பாட்டை எழுதினார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் அதைப் பாடியவர் மஹாலியா ஜாக்சன். 1972இல் மஹாலியாவே மறைந்தபோது அதே பாட்டை அரீத்தா ஃபிராங்க்ளின் பாடினார். ஒருவர் கண்ணீரை இன்னொருவர் வாங்கிச் சுமந்த மாதிரி!

அப்புறம், பாடும் விதம். மஹாலியா தாளத்துக்குக் கட்டுப்படாமல் ஒரே சொல்லை நீட்டி, வளைத்து, மூச்சு வாங்கி நிறுத்துவார். அந்த இடைவெளியில் சபை 'ஆமென்' என்று குரல் கொடுக்கும். அங்கே பாட்டு ஜெபமாகிவிடுகிறது. எவ்வளவு அழைப்பு வந்தும் அவர் ப்ளூஸ் (கறுப்பினத்தவரிடையே பிறந்த, சபைக்கு வெளியே பாடும் உலகியல் பாட்டு) பாட மறுத்தவர். அந்த உறுதியும் குரலில் கேட்கிறது.

சரி, வயதானால் குரல் தேயாதா? தேயும்தான். 1939இல் பிறந்த காஸ்பல் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் எண்பதைத் தாண்டியும் மேடையேறினார். அவருடைய கரகரப்பில், பாடும் ஒவ்வொரு வரியையும் வாழ்ந்து பார்த்தவரின் நிதானம் இருக்கிறது.