அரெஸ்ஸோ சங்கிலியும் சேலத்துக் கொலுசும்: மூடிய ஷட்டரை எண்ணாதே, தம்பி

தம்பி கேட்டது இதுதான். சொந்த ஊர் சேலம் செவ்வாய்ப்பேட்டை, வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. இத்தாலியில் அரெஸ்ஸோ பக்கம் 11 பேர் வேலை செய்யும் சங்கிலிப் பட்டறையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தெருவில் பாதிப் பட்டறைகளுக்கு ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. "இந்த ஊர் படுத்துடுச்சாண்ணா? பெரிய கம்பெனிக்கு இப்பவே மாறிடட்டுமா? அங்க அப்பா வேற, பட்டறைய மூடிடலாமான்னு கேக்கறாரு."

தம்பி, ஷட்டரை எண்ணி இந்த மாதிரி ஊரை எடை போட முடியாது. சின்னப் பட்டறைகள் கூடி வாழும் ஊரில் ஒன்று மூடுவதும் இன்னொன்று திறப்பதும் எப்போதும் நடப்பதுதான். எந்த வேலை செய்யும் பட்டறை மூடியது, அந்த வேலைக்குப் பக்கத்தில் வேறு ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உன் கையில் இருக்கும் சங்கிலியை வைத்தே சொல்கிறேன்.

மெஷின் 925 வெள்ளிக் கம்பியை (நூற்றுக்கு 92.5 பங்கு சுத்த வெள்ளி) வளைத்துக் கோத்துத் தள்ளும்போது ஒவ்வொரு வளையத்தின் வாயும் திறந்தே இருக்கும். அதை மூடுவதற்காகச் சங்கிலியை எண்ணெயும் பற்றவைக்கும் பொடியும் கலந்த கலவையில் முக்குகிறார்கள். எண்ணெய் வாயின் இடுக்கில் நுழையும்போது பொடியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே ஒட்டியதை எடுத்துவிட்டு, டால்க் மாவில் போட்டு உருட்டுவார்கள். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது அந்த மாவுதான். பிறகு பெல்ட் உலை. அதற்குள் காற்று இருக்காது, அம்மோனியாவைப் பிளந்து எடுத்த 75 பங்கு ஹைட்ரஜனும் 25 பங்கு நைட்ரஜனும்தான் இருக்கும். காற்று புகுந்தால் 925இல் உள்ள 7.5 சதவீதச் செம்பு கறுத்து, மெருகு போட்டாலும் லேசில் போகாத கறை விழும். சங்கிலி விறைத்து வந்தால் மேலே பொடி மிச்சம் இருந்திருக்கிறது, இல்லை டால்க் போதவில்லை. இழுத்ததும் வளையம் வாய் பிளந்தால் பெல்ட் வேகமாக ஓடியிருக்கிறது, இல்லை பொடி இடுக்குக்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலே தீப்பிடிக்கும். நைட்ரஜனை ஓட்டி உலைக்குள் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றாமல் யாராவது உலையை எழுப்பப் பார்த்தால் அந்த இடத்தில் நிற்காதே.

இந்த ஒரு சங்கிலிக்குப் பின்னால் எத்தனை பேர் என்று பார். கம்பி இழுப்பவர், பொடி செய்பவர், கோக்கும் மெஷினைப் பழுது பார்ப்பவர், மேலே ரோடியம் முலாம் போடுபவர், அறுத்த தூளையும் துடைத்த துணியையும் கூட்டிய மண்ணையும் வாங்கி உள்ளே இருக்கும் வெள்ளியை மீட்டுத் தருபவர். உன் முதலாளி இவர்களில் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. தேவைப்படும்போது கூலி கொடுக்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் 11 பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே சங்கிலி விற்க முடிகிறது. சேலத்திலும் இதேதான் நடக்கிறது. வியாபாரி கொடுக்கும் வெள்ளியை ஒருவர் உருக்குகிறார், ஒருவர் கம்பி இழுக்கிறார், ஒருவர் சலங்கை செய்கிறார், ஒருவர் வெங்காரமும் பொடியும் வைத்து ஊதுகிறார், ஒருவர் மெருகு போடுகிறார். சேலம் பனங்காடு பகுதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரே ஒரு வேலை தெரிந்த குடும்பம் பிழைக்க முடிவது, மற்ற வேலைகள் தெரிந்தவர்கள் நடை தூரத்தில் இருப்பதால்தான். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890லேயே இதை எழுதிவிட்டார். ஒரே தொழில் ஓரிடத்தில் நெடுநாள் இருந்தால் அதன் சூட்சுமம் காற்றிலேயே கலந்துவிடும், பிள்ளைகள் அறியாமலேயே பலவற்றைக் கற்றுக்கொள்வார்கள் என்றார். 1979இல் ஃபிளாரன்ஸ் பேராசிரியர் ஜாகோமோ பெகாத்தினி அதை இத்தாலிக்குப் பொருத்திக் காட்டினார். செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்த உனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊர் பிறக்கும் வழி பெரும்பாலும் இரண்டு. சேலம் போல வியாபாரி பொருளைக் கொடுத்து வீடு வீடாக வேலை வாங்குவது ஒன்று. பெரிய ஆலையிலிருந்து தொழிலாளிகள் பிரிந்து போய்ப் பட்டறை போடுவது இன்னொன்று. அரெஸ்ஸோ இரண்டாவது வகை. 1926இல் கோரி, சுக்கி என்ற இருவர் இங்கே தொடங்கிய நகை ஆலைதான் இன்று உனோஆஎர்ரே என்ற பெயரில் இருக்கிறது. செய்தவர் யார் என்று காட்ட நகையில் குத்தும் முத்திரை எண்களில் அரெஸ்ஸோ மாவட்டத்தின் முதல் எண் '1 AR'; அதை இத்தாலிய மொழியில் எழுத்தெழுத்தாக வாசித்தால் வருவதுதான் அந்தப் பெயர். அங்கே வேலை கற்றவர்கள் வெளியே வந்து வைத்த பட்டறைகளும், அவற்றிலிருந்து பிரிந்தவையும்தான் நீ பார்க்கும் தெரு. இத்தாலியின் இன்னொரு நகரமான மொடேனாவில் நகராட்சியே இதற்கு வழி செய்தது. ஆலைகள் ஆட்குறைப்பு செய்த பிறகு, 1953இல் குறைந்த விலைக்கு மனை பிரித்துக் கொடுத்துக் கைத்தொழிலாளர் கிராமம் அமைத்தார்கள். கீழே பட்டறை, மேலே வீடு. நம் சேலத்தில் குகைப் பகுதியிலும் அம்மாபேட்டையிலும் தறி ஓடும் வீடுகளை நினைத்துக்கொள்.

பட்டறை ஏன் பெரிதாகாமல் பிரிந்துகொண்டே போகிறது? சட்டமும் ஒரு காரணம். இத்தாலியின் 1985ஆம் ஆண்டுக் கைத்தொழில் சட்டத்தில் தொடர் உற்பத்திப் பட்டறைக்கு 9 பேர், கூடுதல் பயிற்சியாளர்களோடு 12 பேர் வரை. கலைத்தொழிலுக்கு 32, அதிகபட்சம் 40. அதற்கு மேல் போனால் கைத்தொழில் சலுகை கிடையாது, உடனே தம்பி பேரிலோ மருமகன் பேரிலோ இன்னொரு பட்டறை வரும். நம் ஊரில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் உள்ள இடத்துக்கு 10 பேர் என்று கோடு போட்டதால் எத்தனை பட்டறைகள் ஒன்பதோடு நின்றன என்று அப்பாவுக்குத் தெரியும்.

சரி, ஊர் எப்படி நசிகிறது? போட்டி வந்ததால் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. இத்தாலியின் சஸ்ஸுவோலோ, தரைக்கும் சுவருக்கும் பதிக்கும் ஓடு (டைல்ஸ்) செய்யும் ஊர். ஓடு செய்யும் மெஷினையும் அந்த வட்டாரமே செய்து உலகத்துக்கு விற்றது, குஜராத்தின் மோர்பி உட்பட. போட்டியாளனுக்கு மெஷின் விற்ற பிறகும் அந்த ஊர் விழவில்லை. அடுத்த மெஷினை முதலில் ஓட்டிப் பார்ப்பது அங்கேதான் என்பதே காரணம். உயிரை எடுப்பது இடைக்கண்ணி அறுவதுதான். திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது பின்னலாடை ஆர்டர் இருந்தது, தையலுக்கும் ஆள் இருந்தது, நடுவில் சாயம் மட்டும் இல்லை. ஊரே தடுமாறியது. நொய்யல் ஆற்றைச் சாகடித்துவிட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரைச் சாயப்பட்டறைகளுக்கும் அதே கேள்விதான். கம்பளித் துணி நெய்யும் இத்தாலிய ஊரான பிராட்டோவில் கழிவுநீரைப் பொதுவில் சுத்தம் செய்து, ஒரு பகுதியைத் தொழிற்பேட்டைக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். தனித்தனிப் பட்டறையால் தாங்க முடியாத செலவைச் சேர்ந்து தாங்கினார்கள்.

பணமும் ஒரு கண்ணிதான். அரெஸ்ஸோவில் வங்கி தங்கத்தைக் கிலோக் கணக்கில் கடன் கொடுக்கும், பட்டறை அதைத் தங்கமாகவே திருப்பும். விலை ஏறினாலும் இறங்கினாலும் பட்டறைக்குக் கவலை குறைவு. இந்தக் கடனுக்குப் பேர்போன எத்ரூரியா வங்கி 2015 நவம்பரில் முழுகும் நிலைக்குப் போய் அரசு தலையிட வேண்டியதானது. வேலை தெரிந்தும் உலோகம் வாங்க வழியில்லை என்ற நிலை எந்த நல்ல பட்டறையையும் மூடவைக்கும். நல்ல ஏற்பாட்டுக்கு சேலத்திலேயே உதாரணம் உண்டு, ஜவ்வரிசி ஆலைகளின் சேகோசர்வ். 1981இல் தொடங்கிய கூட்டுறவு அது. சின்ன ஆலைக்காரர் மூட்டையை அதன் கிடங்கில் வைத்து முன்பணம் வாங்கலாம், டெண்டரில் விற்கலாம். அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. வெள்ளிக்கு அந்த அளவில் ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இனி உன் விஷயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் தெருவை ஒரு தடவை நடந்து பார். மூடிய கடைகளில் பழைய பெயர்ப்பலகை இருந்தால் குறித்துக்கொள். பத்துச் சங்கிலிப் பட்டறை மூடியிருந்தாலும் முலாம் போடுபவர் இரண்டு பேர், மெஷின் ஃபிட்டர் இரண்டு பேர், தூள் வாங்குபவர் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால் ஊர் தெம்பாக இருக்கிறது. முலாம் போட 80 கிலோமீட்டர் வண்டி போகிறது என்றால் யோசிக்க வேண்டும். உன் முதலாளிக்கு எத்தனை வாடிக்கையாளர் என்பதையும் மெல்லக் கவனி. ஒரே பெரிய பிராண்டுக்கு முக்கால்வாசி சரக்கு போனால் அவர் முதலாளி இல்லை, கூலிக்காரர். அடுத்து, அவருக்கு 60 வயது தாண்டியும் பிள்ளைகள் பட்டறைப் பக்கம் வருவதில்லை என்றால் விற்பனையோ மூடலோ நெருங்குகிறது. இங்கே மூடிய ஷட்டர்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் நஷ்டம் அல்ல, எடுத்து நடத்த ஆள் இல்லாததுதான்.

பெரிய கம்பெனிக்கு இப்போதே போகாதே. அங்கே உன்னை ஒரு மெஷின் முன்னால் நிறுத்துவார்கள், ஐந்து வருஷம் கழித்தும் அங்கேயே நிற்பாய். இங்கே இரண்டு வருஷம் இருந்து கோப்பது, உலை, மெருகு மூன்றிலும் மாறி மாறி நிற்கக் கேள். அதற்குள் காகிதங்களைச் சரிபார். சம்பளச் சீட்டின் தலையில் எந்தத் தேசியத் தொழிலாளர் ஒப்பந்தம், அதில் உன் பதவி எந்த நிலை என்று எழுதியிருக்கும். கைத்தொழில் ஒப்பந்தமும் ஆலை ஒப்பந்தமும் வேறு, சம்பளமும் வேறு. டிசம்பரில் 13ஆம் மாதச் சம்பளம் உண்டு. பணிக்கொடையாக ஆண்டுச் சம்பளத்தை 13.5ஆல் வகுத்த அளவு ஒவ்வொரு ஆண்டும் உன் கணக்கில் சேர வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி உலைப் பட்டறைக்குப் பொதுவாக 16 மணி நேரம். அது வேலை நேரத்தில், முதலாளி செலவில். வீட்டில் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே.

சொந்தமாகத் தொடங்குவது நடக்கக்கூடியதுதான். ஆண்டு வரவு 85,000 யூரோவுக்குள் என்றால் எளிய வரித் திட்டம் இருக்கிறது, முதல் ஐந்து ஆண்டு 5 சதவீதம், பிறகு 15. முத்திரை எண்ணை வர்த்தகச் சபை தரும். நம் ஆட்கள் தடுக்கி விழுவது சமூகக் காப்பீட்டில். வேலை வந்தாலும் வராவிட்டாலும் கைத்தொழிலாளியாகப் பதிந்தவர் ஆண்டுக்குச் சுமார் 4,500 யூரோ கட்டியாக வேண்டும். "நீ தனியாகப் பதிந்துகொள், எனக்கே வேலை செய், கையில் அதிகம் வரும்" என்று முதலாளி சொன்னால் விடுமுறை, காய்ச்சல் நாள் சம்பளம், பணிக்கொடை எல்லாவற்றையும் நீயே விட்டுக்கொடுக்கிறாய் என்று பொருள். இரண்டு வாடிக்கையாளர் கையில் இல்லாமல் அதற்குள் இறங்காதே.

அப்பாவிடம் வருவோம். மூடும் முடிவுக்கு முன் அவரிடம் கேட்க வேண்டியவை சில. எத்தனை வியாபாரிகள் வெள்ளி கொடுக்கிறார்கள்? ஒருவர்தான் என்றால் இரண்டாமவரைத் தேடுவதுதான் முதல் வேலை. வெள்ளி கிலோ ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆகும்போது கூலி அப்படியே நிற்கிறது, ஆனால் 10 கிராம் சேதாரம் கூடிப்போனால் இழப்பு 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகிறது. ஆகவே சேதாரக் கணக்கு பேச்சளவில் இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். பட்டறை மண்ணை யாரிடமாவது மொத்தமாகத் தள்ளிவிடுகிறாரா, எடை போட்டு, மாதிரி சோதித்துக் கொடுக்கிறாரா? உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் கூலி அதிகம் போனால் 45 நாளுக்குள் வர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. 2024 ஏப்ரல் முதல், அதற்கு மேல் இழுத்தடித்தால், பணத்தைக் கொடுக்கும் ஆண்டில்தான் வியாபாரியால் அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியும். இதைச் சொன்னால் பலர் கணக்கு முடித்துவிடுகிறார்கள்.

டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற விஷயத்தையும் கேள். 80 டச் வெள்ளி 90 கிராமில் 50 டச் பொடி 10 கிராம் ஏறினால் 72 கூட்டல் 5, மொத்தம் 77 கிராம் சுத்த வெள்ளிதான். கொலுசை முழுசாக உருக்கிப் பார்க்கும் வெளியூர் வாடிக்கையாளரிடம் மூன்று டச் உதைக்கும். பேர் கெடுவது அங்கேதான். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீட்டோடு வெள்ளிக்கு ஹால்மார்க் (தரமுத்திரை) 2025 செப்டம்பரில் வந்தது விருப்பத்தின் பேரில்தான், ஆனால் கட்டாயம் ஆகும் நாளுக்கு முன்பே பொடியின் டச்சை உயர்த்திப் பழகிக்கொள்வது நல்லது. ஆக்ராவும் ராஜ்கோட்டும் ஹுபரியும் மெஷினில் அடிக்கிற சாதாரணச் சங்கிலிக் கொலுசோடு விலையில் மோதி அப்பாவால் ஜெயிக்க முடியாது. சலங்கை வைத்த கைவேலைக் கொலுசில் முடியும்.

இந்தக் கேள்விகளுக்கு அப்பா சொல்லும் பதிலோடு, உங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் கம்பி இழுப்பவர், சலங்கை செய்பவர், மெருகு போடுபவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் எழுது. கம்பிக்காரர் ஒருவர்தான் மிச்சம், அவருக்கும் வயதாகிவிட்டது என்றால், அப்பா தன் பட்டறையை மூடுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் அவரிடம் ஒரு பையனை வேலைக்குச் சேர்த்துவிடச் சொல்.