அணையைப் பார்க்கிறீர்கள், வாய்க்காலைப் பார்க்கிறீர்களா?

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மதுரை வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தீயணைப்பு மீட்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் பதிலளிக்கிறார்.

செல்லூர் வாசகி: ஐயா, வைகை அணை நிரம்பினால் எச்சரிக்கை விடுகிறார்கள். அதைக் கேட்ட பிறகு சாமான்களை மேலே ஏற்றினால் போதாதா?

ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை உதவும். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மட்டம் படிப்படியாக ஏறுவதால் அவகாசம் கிடைக்கும். ஆனால் அம்மா, உங்கள் தெருவுக்குள் வருவது அணைத் தண்ணீர் அல்ல. செல்லூர் கண்மாயில் மிஞ்சும் நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போயாக வேண்டும். வாய்க்கால் திணறினால் உங்கள் வீடுதான் அதற்கு வழி. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் அதுதான் நடந்தது. எனவே அணை மட்டத்தை விசாரிப்பதோடு, வாய்க்கால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் போய்ப் பாருங்கள்.

ரேஷன் அட்டை, பத்திரம், சான்றிதழ்களைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி இன்றே பரணில் வைத்துவிடுங்கள். வாசற்படியைத் தண்ணீர் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள். நிறை சிலிண்டர்கூடத் தண்ணீரில் மிதக்கும். மாடி வீட்டாரிடம் ராத்திரிக்கு இடம் தருவார்களா என்று வெயில் அடிக்கும்போதே கேட்டு வையுங்கள்.

மேலூர் பக்கத்து விவசாயி: கண்மாய்க் கரையின் வெளிப்புறத்தில், அடிவாரத்தில், ஊற்றுப்போல நீர் கொப்பளிக்கிறது. மண்ணைக் கொட்டி அடைத்துவிடலாமா?

அடைக்காதீர்கள். அங்கே அடைத்தால் நீர் வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்த நீரைப் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு. ஆள் போட்டுக் கண்காணித்தால் போதும். கலங்கலாக இருந்து, டம்ளரின் அடியில் மண் தங்கினால், கரையின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உடனே ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர்போல வட்டமாக அடுக்குங்கள். உள்ளே நீர் ஏறி நிற்கும். அதன் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தை எதிர்க்கும். கலங்கல் தெளியும் வரை மட்டும் உயர்த்துங்கள், ஓட்டத்தை முழுதாக நிறுத்த வேண்டாம். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும். பிதுங்கும் மூட்டைகள் ஒன்றோடொன்று படியாமல் சந்து விடும். இதற்குள் ஒருவர் கிராம நிர்வாக அலுவலருக்கும், 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணுக்கும் சொல்லியாக வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் தண்ணீர் தேக்குவதற்காகக் கலுங்கின் மேல், அதாவது கண்மாயில் மிஞ்சும் நீர் வழிந்து வெளியேறும் கட்டுமானத்தின் மேல், மூட்டை அடுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுகால் பாயத்தான் கலுங்கு கட்டினார்கள். அதை அடைத்தால் கரை உடையும். நம் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருப்பதால், மேலே உடைந்த தண்ணீர் கீழே இருக்கும் கரையையும் சும்மா விடாது.

விளாங்குடி கல்லூரி மாணவர்: தரைப்பாலத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர் போகிறது. பைக்கில் கடக்கலாமா?

கூடாது தம்பி. ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். அடியில் பாலம் அப்படியே இருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. முன்னால் போனவர் தப்பித்தார் என்பது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது.

உசிலம்பட்டி வாசகர்: ஆடு மேய்க்கும் அப்பா, இடி இடித்தால் புளியமரத்தடியில் ஒதுங்குகிறார். ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன் என்கிறார்.

ரப்பர் செருப்பு மின்னலைத் தடுக்காது. மரத்தடியோ ஆபத்தான இடம். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது. கான்கிரீட் கட்டடத்துக்கோ, கண்ணாடி ஏற்றிய கார் அல்லது பஸ்ஸுக்குள்ளோ போகச் சொல்லுங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். எதுவும் அருகில் இல்லையென்றால் மரத்தையும் கம்பி வேலியையும் விட்டு விலகி, பாதங்களைச் சேர்த்துக் குந்தி உட்காரட்டும், படுக்கக் கூடாது. ஆடுகள் சிதறினால் பிறகு தேடிக்கொள்ளலாம்.

அனுப்பானடி வாசகி: தண்ணீர் வடிந்த பிறகு வீட்டில் பாம்பு நடமாட்டம். கடித்துவிட்டால்?

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை கால் அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்துக்கு நேராக அரசு மருத்துவமனை. மந்திரிக்கும் இடத்தில் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போகும் வேலையும் வேண்டாம்.

ஆனையூர் வாசகர்: சீட் வரை மூழ்கிய பைக்கை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கிக்கரைத் தொடாதீர்கள். இன்ஜின் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படியே தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். அதற்கு முன் நாலு புறமும் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.